தாயை உள்ளே அழைத்த மருத்துவர்

மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரவேண்டும் என்று நமது மன்றத்துச் செயலாளர் என்னைக் கேட்டார். பௌதிகம் படிப்பவன் ஆதலால் நியூட்டனோ கியூரி அம்மையாரோ வருவார் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பிரசவ மருத்துவரை. பியேர் பூதேன் என்பது அவர் பெயர். (பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஏறத்தாழ இப்படித்தான் ஒலிக்கும். தமிழ்க் காதுக்குப் பூவும் தேனுமாக விழுவது தற்செயல்.) பாரிஸ் மாநகரின் 18ஆம் வட்டத்தில் அவர் பெயரால் ஒரு தெரு இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளைப் பேணும் மருத்துவத்தின் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் சில பக்கங்களுக்குள் அவர் வந்துவிடுவார்.

குறைமாதப் பிள்ளைகளைப் பற்றி நம் பாட்டிமார்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஏழாம் மாதத்தில் பிறந்தது பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்பார்கள். பழைய கிரேக்க வைத்தியர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள் என்பது விந்தை. கணக்குத் தவறானது. கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு மனநிலை ஒளிந்திருக்கிறது: இது நிற்காது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலும் அதே மனநிலைதான். பிரெஞ்சுக்காரர்கள் இக்குழந்தைகளைப் பலவீனர்கள் என்ற பொதுப் பெயரால் அழைத்தார்கள். பெயரிலேயே பாதி முடிவு சொல்லியாயிற்று.

பூதேன் 1846ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், பாரிஸுக்கு வடக்கே வாஸ் மாவட்டத்தில் ஏனான்கூர்-ல-செக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பாரிஸில் மருத்துவம் பயின்றார். 1876இல் அவர் எழுதிய பட்ட ஆராய்ச்சி, பிரசவத்தின்போது சிசுவின் தலை எவ்வாறு அமைகிறது என்பதைப் பற்றியது. இளமைக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் நீட்டுவதற்கில்லை. அவருக்கு வாய்த்த ஆசிரியரைப் பற்றிச் சொன்னால்தான் கதை நகரும்.

ஆசிரியர் பெயர் ஸ்தெஃபான் தார்னியே. பாரிஸில் பழைய போர் ரொயால் மடாலயத்தின் கட்டடத்தில் மத்தேர்நித்தே என்ற பெரிய பிரசவ மருத்துவமனை இயங்கியது. ஏழைப் பெண்கள் பிள்ளை பெற வரும் இடம் அது. தார்னியே அங்கே இளம் மருத்துவராக இருந்த 1850களில், வீட்டில் பிள்ளை பெற்ற பெண்களைவிட மருத்துவமனையில் பெற்ற பெண்கள் பல மடங்கு அதிகமாகப் பிரசவ ஜுரத்தில் மாண்டார்கள். சுற்றுவட்டாரக் கணக்கையும் மருத்துவமனைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று அவர் வாதிட்டார். பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. கணக்கெடுத்துப் பார்ப்பது, கிடைத்த எண் கசப்பானாலும் மறைக்காமல் சொல்வது என்ற பழக்கத்தை மாணவர் பூதேன் இவரிடமிருந்து பெற்றார் என்றே நான் கருதுகிறேன்.

இனி கோழிக்கு வருவோம். 1878இல் தார்னியே பாரிஸ் நகரத்து உயிரினப் பூங்கா ஒன்றுக்குச் சென்றார். அங்கே கோழி முட்டைகளை வெப்பப் பெட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்துகொண்டிருந்தார்கள். தாய்க்கோழி இல்லாமலேயே குஞ்சு வெளிவருகிறது. இதே போன்ற ஒன்றைக் குழந்தைகளுக்கும் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. குஞ்சுப் பெட்டி செய்துவந்த ஓதில் மார்த்தேன் என்பவரிடமே சொல்லி ஒன்று செய்வித்தார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அது மத்தேர்நித்தேயில் இடம் பெற்றுவிட்டது. அதற்குப் பிரெஞ்சு மொழியில் இட்ட பெயர் கூவேஸ். அடைக்கோழி என்று பொருள்! நாம் இன்று இன்குபேட்டர் என்கிறோம். நம் மொழியில் அடைக்கோழி என்றே வைத்திருக்கலாம். கேட்பவர்கள் சிரித்தாலும் பொருள் உடனே விளங்கும்.

முதல் பெட்டி பெரியது, பல குழந்தைகளை ஒன்றாகக் கிடத்தலாம். பின்னர் தார்னியேயின் உதவியாளர் ஓவார் எளிய பெட்டி ஒன்றை விவரித்தார். மரப்பெட்டி, இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் வெந்நீர் நிரப்பிய மண்சாடிகள். சில மணிக்கு ஒருமுறை ஆறிய சாடியை எடுத்துவிட்டுச் சூடான சாடியை வைக்கவேண்டும். கீழே ஒரு துளை வழியாகக் காற்று நுழைந்து, சாடிகளைத் தழுவிச் சூடேறி, நனைந்த கடற்பஞ்சு ஒன்றைக் கடந்து ஈரம் பெற்று, மேலே குழந்தை கிடக்கும் அறைக்கு வந்து, கூரையில் உள்ள துவாரத்தின் வழியே வெளியேறும். அந்தத் துவாரத்தில் ஒரு சின்னக் காற்றாடி. அது சுழன்றால் காற்று ஓடுகிறது என்று அறியலாம். மேல்மூடி கண்ணாடி. மின்சாரம் இல்லை, கருவி ஏதும் இல்லை. வெப்பம் மேலே ஏறும் என்ற ஒரே விதியை நம்பி முழு ஏற்பாடும் நடக்கிறது. பௌதிகம் படிக்கும் எவனும் இந்தப் படத்தைப் பார்த்தால் காதல் கொள்வான்.

வெப்பம் ஏன் இத்தனை முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். நிறைமாதக் குழந்தை 3 கிலோ என்றும் குறைமாதக் குழந்தை 1 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே வடிவம் என்று கொண்டால், ஒவ்வொரு கிலோ எடைக்கும் சின்னக் குழந்தைக்கு உள்ள தோல்பரப்பு பெரிய குழந்தையைப் போல் ஏறத்தாழ 1.44 மடங்கு. வெப்பத்தை உண்டாக்குவது உடலின் பருமன், இழப்பது அதன் மேற்பரப்பு. ஆகவே சின்னக் குழந்தை வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பம் போன்றது. இதற்கு மேல், முதிராத மெல்லிய தோலின் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அது முழுவதும் உடலிலிருந்தே போவதாகக் கொண்டால், 1 கிலோ எடையுள்ள உடல் முக்கால் டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடும். ஒரே ஒரு கிராம் நீர்! தோலுக்கடியில் கொழுப்பும் இல்லை, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் வலுவும் இல்லை. போர்த்திய கம்பளியால் மட்டும் இந்தக் கடனை அடைக்க முடியாது. கம்பளி தானாக வெப்பம் தருவதில்லை, இருப்பதைக் காப்பதோடு சரி.

1883இல் ஓவார் கணக்கு வெளியிட்டார். 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 66 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், பெட்டி வந்தபின் நூற்றுக்கு 38 பேர் இறந்தார்கள். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு மெல்லிய ரப்பர்க் குழாயை வயிற்றுக்குள் செலுத்திப் பால் புகட்டும் முறையையும் தார்னியே கொண்டுவந்தார். இந்த வேலைக்கெல்லாம் அரசாங்கத்தில் ஆதரவு இருந்ததற்கு ஒரு காரணம் இரக்கம் அன்று. 1870-71இல் பிரஷ்யரிடம் பிரெஞ்சு நாடு தோற்றிருந்தது. பிறப்பு விகிதமும் குறைந்துகொண்டிருந்தது. நாளைய படைக்கு ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். பூதேனும் மக்கள்தொகை குறைவதைப் பற்றிப் பேசியவர்தாம். பெரியவர்கள் தங்கள் காலத்தின் பாஷையைப் பேசாமல் இருப்பதில்லை.

பூதேன் தனி ஆளாக நமக்குத் தெரியத் தொடங்குவது 1892இல். அப்போது அவர் பாரிஸின் ஷரித்தே மருத்துவமனையில் இருந்தார். அங்கே பிள்ளை பெற்றுத் திரும்பிய தாய்மார்களை வாரம் ஒருமுறை குழந்தையோடு மீண்டும் வரச் சொன்னார். நோய் வந்தால் வா என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நன்றாக இருக்கும்போதே வா என்றார். வந்த குழந்தையைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்தார்கள். தாய்ப்பால் கொடுக்க ஊக்கம் தந்தார்கள். பால் போதாதவளுக்குக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கிய பசும்பாலைத் தனித்தனிப் புட்டிகளில் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1894இல், ஃபேகான் என்ற துறைமுகப் பட்டினத்தில் துஃபூர் என்னும் மருத்துவர் பால்துளி நிலையம் என்ற பெயரில் இதே வகையான ஒன்றைத் தொடங்கினார். பிறகு பல நாடுகளுக்கும் அது பரவியது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைக்குழந்தையை நிறுத்து அட்டையில் புள்ளி வைக்கிறார்களே, அந்தத் தராசுக்கு ஷரித்தேயில் ஒரு மூதாதை உண்டு.

1895இல் பூதேன் மத்தேர்நித்தேயின் தலைவரானார். அங்கே பலவீனக் குழந்தைகளுக்கென்று தனி விடுதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதை 1893இல் ஏற்படுத்தியவர் அம்மருத்துவமனையின் தலைமை மருத்துவச்சியாக இருந்த ஆன்ரி அம்மையார். மருத்துவர்களின் பெயரைத் தெருவுக்கு வைக்கும்போது மருத்துவச்சிகளின் பெயர் எங்கே போகிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். அது நிற்க. வெளியிலிருந்தும் அங்கே குழந்தைகள் வந்து சேரும். பலவும் வழியிலேயே குளிர்ந்து, நீலம் பாய்ந்து வரும். பூதேன் வெப்பமானியைக் கையில் எடுத்தார். உடல் உஷ்ணம் 32.5 முதல் 33.5 டிகிரி வரை இறங்கிய நிலையில் இருந்த சிறு குழந்தைகளில் நூற்றுக்கு 10 பேர்தான் பிழைத்தார்கள். 36 முதல் 37 டிகிரியில் இருந்தவர்களில் நூற்றுக்கு 77 பேர் பிழைத்தார்கள். நாலு டிகிரி வித்தியாசத்தில் தலையெழுத்து மாறுகிறது. இந்த எண்கள் வெளிவந்து நூறாண்டுக்கு மேலாகியும் மருத்துவ நூல்கள் இவற்றை எடுத்துக்காட்டுகின்றன.

வெப்பம், பால், தொற்றுத் தடுப்பு என்று மூன்று கவலைகளை அவர் முன்வைத்தார். நோயுற்ற குழந்தைகளை நலமாக உள்ளவற்றிலிருந்து பிரித்துவைத்தார். இதுவரை சொன்னவற்றோடு அவர் நின்றிருந்தால் தார்னியேயின் நல்ல மாணவர் என்று எழுதி இக்கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் அவர் கண்ணில் நான்காவது ஒன்று பட்டது.

தாய்மார்கள் திரும்பி வரவில்லை.

குழந்தையை விடுதியில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போன தாய்மார்களில் ஒரு பகுதியினர் சில வாரங்களில் வருவதைக் குறைத்தார்கள், சிலர் நிறுத்தியே விட்டார்கள். பால் வற்றிப்போயிற்று. குழந்தை பிழைத்து எடை கூடி வீட்டுக்குப் போகத் தகுதி பெற்றபோது, அதை ஏற்கும் மனம் அங்கே இல்லை. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் இதற்கு எளிதாக ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள்: ஏழைகள், கல்வியற்றவர்கள், ஒழுக்கம் போதாதவர்கள். பூதேன் அப்படிச் சொல்லவில்லை. குழந்தையின் தேவை எதையும் தன் கையால் நிறைவேற்ற வாய்ப்பே பெறாத ஒருத்திக்கு அதன்மேல் பற்று குறைந்துபோவது இயல்பு என்றும், அதற்கு வழி செய்தது பிரித்துவைத்த ஏற்பாடே என்றும் கண்டார். குழந்தையைக் காப்பாற்றிவிட்டோம், அதற்கு விலையாகத் தாயைக் கொடுத்துவிட்டோம் என்பது அவருடைய கருத்தின் சாரம். தாம் தலைமை வகிக்கும் மருத்துவமனையைப் பற்றி ஒரு தலைவர் இவ்வாறு சிந்திப்பது எளிதன்று.

ஆகவே அவர் பெட்டியின் இடத்தை மாற்றச் சொன்னார். கூடுமான வரையில் இன்குபேட்டர் தாயின் கட்டிலருகே இருக்கவேண்டும். கண்ணாடிச் சுவர் வழியாக அவள் எந்நேரமும் பார்க்கலாம். அவளுடைய கண்காணிப்பைச் சாதாரணமாக மதிப்பிடக் கூடாது. பால் கொடுக்க அவளே வரவேண்டும். பலவீனக் குழந்தை உறிஞ்சும் சிறிதளவு பாலால் தாயின் பால் ஊற்று அடைத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு அவர் கண்ட வழி அழகானது: அவள் தன் குழந்தையோடு கூட, வலுவாக உறிஞ்சக்கூடிய நிறைமாதக் குழந்தை ஒன்றுக்கும் பால் கொடுக்கட்டும். அந்தக் குழந்தை பசியாறும், இவளுடைய பாலும் வற்றாது. தேவையும் வரவும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்த ஏற்பாட்டில் எந்த இயந்திரமும் இல்லை. செலவும் இல்லை. தாயைக் கூடத்துக்குள் அனுமதிக்கவேண்டும், அவ்வளவே.

அந்த அவ்வளவே என்பது எவ்வளவு பெரிது என்பதை நான் வீட்டில் அறிந்தேன். என் தங்கை 2011ஆம் ஆண்டு சனவரியில், இதே டில்லியில், எட்டாம் மாதத்தில் பிறந்தாள். எடை 1,400 கிராம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர். அம்மாவுக்கு இந்தி, காய்கறிக்காரனோடு பேரம் பேசும் அளவுக்குத்தான் தெரியும். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கிருந்த மருத்துவர்களும் நர்சுகளும் இரவு பகல் பாராமல் உழைத்துத் தங்கையைப் பிழைக்கவைத்தவர்கள். ஆனால் அவ்விடத்து விதி அப்படி: தாய் உள்ளே வரக் கூடாது. தினம் காலையில் பத்து நிமிஷம், கண்ணாடிக்கு வெளியே. அம்மா பாலைப் பீய்ச்சிச் சிறு கிண்ணத்தில் வாங்கி மூடி, கதவருகே நின்று கொடுப்பாள். ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். உள்ளே குழந்தைக்கு எண்தான் உண்டு, பெயர் இல்லை. எந்தப் பெட்டியில் இருப்பது தன் குழந்தை என்று முதல் வாரத்தில் அம்மாவுக்கு நிச்சயமாகத் தெரியாது. கேட்கும் அளவுக்குப் பாஷையும் வராது. இருபத்தாறாம் நாள்தான் முதல்முறையாகத் தொட்டாள்.

தங்கை இப்போது ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் என்னை மிஞ்சிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அம்மா அந்த முதல் மாதங்களைப் பற்றி அரிதாகத்தான் பேசுவாள். ஒருமுறை பேசினாள். வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னும் வெகு நாட்கள், யாரோ ஒருத்தியின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தன்னிடம் விட்டுவிட்டுப் போனது போல் இருந்ததாம். குழந்தை அழுதால், எடுக்கலாமா கூடாதா என்று யாரிடமாவது கேட்கவேண்டும் என்று கை தயங்குமாம். அம்மாவுக்கு பூதேனைத் தெரியாது. நூறாண்டுக்கு முன் பாரிஸில் பார்த்த அதே நோயை அவள் தமிழில் விவரித்தாள்.

கதைக்குத் திரும்புகிறேன். தார்னியே 1897இல் காலமானார். அடுத்த ஆண்டு அவருடைய பேராசிரியர் பதவி பூதேனுக்கு வந்தது. அசாஸ் தெருவில் இருந்த பிரசவ மருத்துவமனை, பின்னாளில் தார்னியேயின் பெயரைத் தாங்கியது, அவருடைய பொறுப்பில் ஆயிற்று. மாணவர்க்கு அவர் ஆற்றிய விரிவுரைகள் 1900இல் பால்குடிக் குழந்தை என்று பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்தன. பலவீனக் குழந்தையின் வெப்பம், உணவு, நோய் ஆகியவை பற்றியும், நிறைமாதக் குழந்தைகளின் பாலுணவு பற்றியும் எடை வரைபடங்களோடு பேசும் நூல் அது. 1902இல் சிசு மரணத்தை எதிர்க்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1907 சனவரி 22ஆம் நாள் மார்செய் நகரில் காலமானார். வயது அறுபது. அவருடைய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே 1907இல்தான் வெளிவந்தது.

அவர் இறந்தபின் பெட்டி ஒரு வழியும் அவருடைய கருத்து மற்றொரு வழியுமாகப் பிரிந்து போயின. பெட்டி கண்காட்சிக்குப் போயிற்று. இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. 1896இலேயே பெர்லின் கண்காட்சியில் உயிருள்ள குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து மக்களுக்குக் காட்டினார்கள். பின்னர் மார்ட்டின் கூனி என்பவர் (நம் இராமாயணத்துக் கூனிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை) இதையே தொழிலாகக் கொண்டார். நியூயார்க்கை அடுத்த கோனி தீவின் கேளிக்கை மைதானத்தில் 1903 முதல் 1943 வரை, ராட்டினங்களுக்கும் வித்தைக் கூடாரங்களுக்கும் நடுவே குறைமாதக் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்துக் கட்டணம் வாங்கினார். தாம் பூதேனின் மாணவர் என்றும் பெர்லினுக்கு அனுப்பியவர் அவரே என்றும் சொல்லிக்கொண்டார். பிற்கால ஆராய்ச்சியாளர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் என்பதற்கும் கிடைக்கவில்லை.

ஆயினும் கூனியைப் போலி என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனைகள் பலவும் இக்குழந்தைகளைக் கைவிட்ட காலத்தில் அவர் ஏற்றுக்கொண்டார். பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. தேர்ந்த நர்சுகளை வைத்தார், தாய்ப்பால் புகட்டச் செய்தார். பல்லாயிரம் குழந்தைகளை ஏற்று அவர்களில் பெரும்பாலோரைப் பிழைக்கவைத்தார். ஆனால் தாய்மார்களுக்கு அங்கே கிடைத்தது என்ன தெரியுமா? இலவச நுழைவுச் சீட்டு. தன் பிள்ளையைக் காட்சியில் பார்க்கச் சீட்டு! குழந்தை போதிய எடைக்கு வந்தபின் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி சில பெற்றோரை வற்புறுத்தவேண்டியிருந்ததாம். மத்தேர்நித்தேயில் பூதேன் கண்டது அப்படியே கோனி தீவிலும் நடந்திருக்கிறது. அவர் மாணவர் என்று சொல்லிக்கொண்டவர் அந்தப் பாடத்தை மட்டும் படிக்கவில்லை போலும்.

மருத்துவமனைகள் பின்னர் இன்குபேட்டரை ஏற்றுக்கொண்டபோது கண்ணாடியையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டன. தொற்று நோய் அச்சத்தால் கதவுகள் அடைபட்டன. அந்த அச்சம் வெறும் பிரமை என்று சொல்லமாட்டேன், தொற்றால் விடுதிகளே காலியான காலம் உண்டு. எனினும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி, தாய் என்பவள் கிருமிகளைக் கொண்டுவரும் பார்வையாளர் என்ற கணக்கிலேயே கழிந்தது.

பூதேனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று சொல்வதும் பிழை. கருப்பையின் இருளிலும் அமைதியிலும் மூளை வளர்ந்துகொண்டிருக்க வேண்டிய வாரங்களில், கண்ணைக் கூசும் விளக்கும் மணியொலியும் ஓயாத ஊசிக்குத்தும் என்ன செய்யும் என்பது அவர் காலத்துக் கேள்வியே அன்று. 1980களில் பாஸ்டன் நகரின் ஹைடெலிசே ஆல்ஸ் என்ற உளவியல் அறிஞர்தாம் இதை முறையாக எடுத்துக்கொண்டார். குழந்தை எப்போது முகம் சுளிக்கிறது, எப்போது கையை விரித்துத் தடுக்கிறது, எப்போது அமைதியாகிறது என்று ஒவ்வொரு குழந்தையையும் தனியே உற்றுப் பார்த்து, அதற்கேற்பப் பராமரிப்பை மாற்றவேண்டும் என்றார். விளக்கைத் தணிப்பது, குரலைத் தாழ்த்துவது, துணியைச் சுருட்டிக் கூடுபோல் அணைகட்டி உடலைக் குறுக்கிப் படுக்கவைப்பது, தூங்கும் குழந்தையை மணிக்கணக்குக்காக எழுப்பாமல் வேலைகளைச் சேர்த்துச் செய்வது, எல்லாவற்றிலும் பெற்றோரை உடன் சேர்த்துக்கொள்வது என்று அது விரிந்தது. வளர்ச்சிக்கேற்ற பராமரிப்பு என்று இதற்கு இப்போது பெயர். பூதேன் கண்ணாடியின் வழியே தாயைப் பார்க்கச் செய்தார். ஆல்ஸ் குழந்தையின் பக்கத்திலிருந்தும் பார்க்கக் கற்பித்தார்.

கண்ணாடியையே அகற்றியவர் வேறொருவர். தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978இல், எட்கார் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவரின் விடுதியில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றில் பல குழந்தைகளைப் போட்டதால் தொற்றும் பரவியது. அவர் குழந்தையைத் தாயின் மார்பில், தோலோடு தோலாக, நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று உலகம் அதை அழைக்கிறது. வெப்பத்தின் கணக்கை மேலே பார்த்தோம். 37 டிகிரியில் மாறாமல் நிற்கும் ஒரு வெப்பக்கலம், வெந்நீர்ச் சாடி மாற்றத் தேவையில்லாதது, பாலும் தன்னிடமே உடையது. தார்னியே எதைப் பார்த்துப் பெட்டி செய்தாரோ அந்த அடைக்கோழி திரும்பி வந்துவிட்டது.

இருந்தும், நிலை சீரடைந்த குழந்தைக்குத்தான் கங்காரு முறை என்பது நெடுநாள் வழக்கம். மூச்சுக்குத் திணறும் முதல் நாட்களில் பெட்டியும் தனியறையுமே தகும் என்று எண்ணினார்கள். பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன ஆகும் என்று அறிய, உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் 2017இல் ஒரு சோதனை தொடங்கியது. கானா, மலாவி, நைஜீரியா, டான்சானியா, இந்தியா என்னும் ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். இந்தியாவுக்கு உரியது நம் டில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான முறையில் 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 15.7 பேர் இறந்தார்கள். பிறந்த உடனே தாயின் மார்பில் வைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 12 பேர். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பின் மற்றக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது நியாயமன்று என்று சோதனையையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். முடிவு 2021இல் வெளியாயிற்று. 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை அதற்கேற்ப மாற்றி எழுதியது.

சோதனைக்காக அந்த மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைக் கூடத்தின் அமைப்பையே மாற்றவேண்டியிருந்தது. தாய்மார்களுக்கான கட்டில்களைக் கூடத்துக்குள்ளேயே போட்டார்கள். பிரசவித்த பெண்ணுக்கு வேண்டிய மருத்துவமும் அங்கேயே நடந்தது. குழந்தைகள் சராசரியாக ஒரு நாளில் ஏறத்தாழ 17 மணி நேரம் மார்பில் கிடந்தன. தாய்க்கு முடியாத வேளையில் பாட்டியோ சித்தியோ அத்தையோ உள்ளே வந்து குழந்தையை நெஞ்சில் வாங்கிக்கொண்டார்கள்.